துண்டுக்கடியில் ஒரு பேரம்

பொருளை விற்கப் போகிறவன் முதலில் அதைத் தனக்கே விற்றுவிட வேண்டும் என்பது சிகாமணியின் அப்பாவுடைய வேதம். அவர் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகர். பல் தேய்ந்த கிழட்டு மாட்டைக்கூட, "மகாலட்சுமியாட்டம் இருக்குது பாருங்க" என்று சொல்வதற்கு முன்னால், அதன் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்த்து முடிக்கும்போது அது அவருக்கு மகாலட்சுமி ஆகியிருக்கும். அப்புறம் வாங்குகிறவன் பாடு. பொய் சொல்கிறவனைச் சந்தை எப்படியும் பிடித்துவிடும். பொய்யை நம்பிவிட்டவனைப் பிடிக்க இன்னும் எந்தச் சந்தையிலும் ஆள் வைக்கவில்லை.

அப்பா மாட்டுக்குச் செய்ததை மகன் நிர்வாகத்துக்குச் செய்தார். பெருந்துறை சாலையில் இருக்கும் வெண்பனி குளிர்கிடங்கு நிறுவனத்துக்குச் சிகாமணி துணைப் பொது மேலாளர். புதன்கிழமை கூட்டத்துக்குப் போகுமுன் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நிற்பார். அன்றைய தீர்மானம் எதுவோ அதை மனசுக்குள் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, நல்ல பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி, தன் தலையிலேயே கட்டிவிடுவார். விற்றவரும் அவரே, வாங்கியவரும் அவரே. சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நின்று கத்த ஆள் கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்தால் அவர் முன்னால் இருக்கும் விளக்கு பச்சையாக எரியும். ஒன்பது வருஷமாக அது வேறு நிறம் எரிந்ததே இல்லை.

அந்த விளக்கு வந்த கதை கொஞ்சம் துக்கமானது. முதலாளியம்மா வசுந்தராவின் அப்பா காலத்தில் ஒன்றாவது கிடங்கில் அமோனியா கசிந்து இரண்டு லோடுமேன்கள் செத்துப்போனார்கள். வால்வு பழுது என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரியும் என்று விசாரணையில் வெளிவந்தது. அவர் சொல்லுவார் என்று இவரும், இவர் சொல்லுவார் என்று அவரும் இருந்திருக்கிறார்கள். அந்தத் துக்கத்திலேயே பெரியவர் போய்ச் சேர்ந்தார். புளி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த வசுந்தரா, அப்பாவின் நாற்காலிக்கு வந்ததும் செய்த முதல் வேலை அந்த விளக்குகளை வரவழைத்ததுதான்.

"இனி இந்த ரூமுல யாரும் பயந்துக்கிட்டுத் தலையாட்ட வேண்டாம்," என்றார் அவர். "இந்தப் பொத்தானைக் காதுக்குப் பின்னால ஒட்டிக்குங்க. தீர்மானத்தைப் படிக்கறப்ப உங்க மனசு நெசமாலுமே ஒத்துக்கிச்சுன்னா முன்னால வெளக்கு பச்சையா எரியும். ஒத்துக்கலைன்னா செவப்பு. எல்லாம் பச்சையா இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஒண்ணே ஒண்ணு செவப்பா இருந்தாலும் பேனாவத் தொட மாட்டேன்."

"மனசுல இருக்கறது பொத்தானுக்கு எப்படீங்க மேடம் தெரியும்?" என்று கேட்டார் பராமரிப்பு மேலாளர் சிக்கந்தர்.

"பொய் சொல்றப்ப மூளை ரெண்டு வேலை பாக்குதாம் பாய். உள்ளுக்குள்ள ஒண்ணு, வெளிய காட்டறதுக்கு ஒண்ணு. நெசத்துக்கு ஒரே வேலைதான். அந்த வித்தியாசத்தை இது கண்டுபிடிச்சிரும்."

"எங்க வீட்டுக்காரம்மா கண்ணுல மட்டும் இதக் காட்டிராதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வருஷம் விளக்குகள் நன்றாகத்தான் வேலை செய்தன. வாரம் ஒரு சிவப்பு எரிந்தது; வாரம் ஒரு பழுது வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் மனிதர்கள் தங்கள் வேலையைக் காட்டினார்கள். சிவப்பு எரித்தவர்களை யாரும் திட்டவில்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை. காத்திருந்தார்கள். அவ்வளவுதான். தீர்மானம் முடியாமல் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாமல் சாப்பாடு கிடையாது. பத்துப் பேர் பசியோடு ஒரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த விளக்குக்குச் சொந்தக்காரர் எத்தனை நேரம் தாங்குவார்? தரக்கட்டுப்பாட்டுத் துளசிமணிதான் கடைசிவரை தாங்கினாள். "என்ன பண்றதுங்க, என்ற வவுறு ஒத்துக்க மாட்டேங்குது" என்பாள். அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். ஒருநாள் அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டுக் காங்கேயத்தில் பேக்கரி வைக்கப் போய்விட்டாள். அவளை யாரும் துரத்தவில்லை என்று எல்லோரும் உளமார நம்பினார்கள். விளக்குகளும் அதை ஆமோதித்திருக்கும்.

பொத்தானை ஏமாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு வருகிறவனிடம் பொத்தான் என்ன செய்யும்? மற்றவர்கள் அதைத் தட்டுத்தடுமாறிக் கற்றார்கள். சிகாமணிக்கு அது தாய்ப்பாலோடு வந்த வித்தை.

நடுவில் ஒரு தகராறு வந்தது. போக்குவரத்து மேலாளர் கதிரேசன், டிரைவர்களிடம் நல்ல பேர் வாங்குவதற்காக, விளக்கு பச்சையாக எரியும்போதே வாயால் "நான் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டார். எதைக் கணக்கில் எடுப்பது என்று எல்லோரும் விழித்தபோது சிகாமணிதான் எழுந்து நின்றார். "வாய் ஆயிரஞ் சொல்லுமுங்க. வாயும் வெளக்கும் ஒத்துப்போகலைன்னா வெளக்கைத்தான் எடுத்துக்கோணும்." அறை கைதட்டியது, அதுவே விதியானது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவருக்குத் துணைப் பொது மேலாளர் பதவி கிடைத்தது என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். கதிரேசன் அன்று கைதட்டவில்லை.

வீட்டில் விளக்கு இல்லை. ஆனால் பழக்கம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வருகிற சாமான் இல்லையே.

"வெண்டைக்காய் பண்ணட்டுங்களா, கத்திரிக்காய் பண்ணட்டுங்களா?" என்று மனைவி பிருந்தா கேட்பாள்.

"உனக்கு எது தோணுதோ அது."

"உங்களுக்கு எது புடிக்கும்னு கேட்டனுங்க."

அவர் உள்ளே தேடிப் பார்ப்பார். மனசுக் கடையில் அந்தத் தட்டு காலியாக இருக்கும். வெண்டைக்காயை எடுத்து நல்ல பக்கத்தைக் காட்டினால் வெண்டைக்காய் பிடித்திருக்கும். கத்திரிக்காயைக் காட்டினால் அதுவும். பிருந்தா வேண்டுமென்றே சண்டைக்கு இழுப்பாள். அவருடைய அக்காவைக் குறை சொல்வாள். அவர் யோசித்துப் பார்த்து, "நீ சொல்றதும் சரிதான்" என்பார், மனமார. பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவனைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் ராத்தூக்கம் வராது. நாம் ஏமாற்றினோமா, நாமே ஏமாந்தோமா என்று புரியாது. பிள்ளையில்லாத வீடு, இருந்தது இரண்டு குரல், அதில் ஒன்று எதிரொலி.

"செவுத்துல பந்தை எறிஞ்சாக்கூடத் திரும்பி வருமுங்க," என்று ஒருநாள் சொன்னாள். "நான் கோயமுத்தூருல தங்கச்சி வீட்டுப் பக்கமாப் போயி இருந்துக்கறேன். என்ன சொல்றீங்க?"

அவர் அதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதற்கும் ஒரு நல்ல பக்கம் இருந்தது. அவளுக்கு நிம்மதி. "சரி," என்றார்.

பிருந்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்தானுக்கு வேண்டுமானால் மூளை தேவைப்படலாம், பெண்டாட்டிக்கு முகம் போதும். அவர் நிஜமாகவே சரி என்கிறார் என்று கண்டுகொண்டாள். அதனால்தான் போனாள். அது ஆயிற்று இரண்டு வருஷம். தனியாக இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று சிகாமணி எல்லோரிடமும் சொல்வார். நம்பித்தான் சொல்வார்.

அந்தப் புதன்கிழமைத் தீர்மானம் மூன்றாவது கிடங்கைப் பற்றியது. அங்கே குளிரூட்ட ஓடும் அமோனியாக் குழாய் பழசு. மாற்றுவதென்றால் கிடங்கை மூட வேண்டும். மூடினால், வாசலில் வரிசையாக வந்து நிற்கும் புளி லாரிகளெல்லாம் எதிராளியின் கிடங்குக்குத் திரும்பிவிடும். சீசன் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம், ஆறு மாதம் தாங்கும் என்று சிக்கந்தரே எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின வாரம் ஒத்திகைக்குப் படித்தபோது எல்லா விளக்கும் பச்சை. அன்று கையெழுத்துதான் பாக்கி.

காலையில் சிகாமணி ஒரு சுற்று அந்தக் கிடங்குக்குள் போய் வந்தார். ஒரு ஷிப்டுக்கு ஒன்பது லோடுமேன்கள். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு புளி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ராக்கியண்ணன் வணக்கம் வைத்தார்.

"என்ன ராக்கியண்ணா, மூஞ்சியக் கட்டிக்கிட்டு? கொள்ளைக்காரனாட்ட இருக்கறீங்க."

"வாசம் அடிக்குதுங்க. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்பப் பழகிப்போச்சுங்க."

சிகாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார். மறுபடியும் வந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்து முடித்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் பனிப்புகை. ஜன்னலே இல்லாத கட்டடம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆட்கள் மூட்டை தூக்குகிறார்கள். குளிர்கிடங்குக்குள் வெயில்!

தன் வித்தையைப் பார்த்துத் தானே பயந்தார் அவர். கண் ஒன்று சொல்லிற்று. அது சொல்லி முடிப்பதற்குள் மனசு அதற்கு ஒரு விலைச்சீட்டு எழுதி ஒட்டிவிட்டது. கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை. இனி தன் மனசிடம் எதையும் கேட்டுப் பயனில்லை என்று அவருக்கு விளங்கியது. ஆனால் கண் இன்னும் விலை போகவில்லை. கண் போகவில்லையென்றால் கை?

"ராக்கியண்ணா, அந்தத் தோள்ல கிடக்கற துண்டைச் சித்தெ குடுங்க."

"அழுக்குங்க!"

"அழுக்காவே இருக்கட்டும், பரவால்ல."

கேன்டீனில் சிக்கந்தர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அத்தா ஜவுளிச் சந்தையில் லுங்கி மொத்த வியாபாரம்; பையனும் துணி மூட்டைமேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படித்தது. சிகாமணி எதிரே உட்கார்ந்தார்.

"பாய், அந்தக் குழாய் எத்தனை மாசம் தாங்கும்?"

"ஆறு மாசம். எழுதியே குடுத்துட்டேனே, மாப்ளே."

"வாயில வேண்டாம். கையக் குடுங்க." மேசைமேல் துண்டை விரித்தார்.

சிக்கந்தருக்குச் சிரிப்பு வந்தது. "என்னப்பா, என்னைய மாடுன்னு நெனச்சுட்டியா?"

"மாடா இருந்தா நேரா பல்லையே புடிச்சுப் பாத்திருப்பனே. குடுங்க."

துண்டுக்கடியில் கை கோத்து விலை பேசுவது இருவருக்கும் பிறந்த வீட்டுப் பாஷை. சந்தையில் சுற்றிலும் நூறு காது நிற்கும். அதனால் வாய் சும்மா ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, துணிக்கடியில் விரல்கள் விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் பிடித்தால் ஐந்துக்கு மேலே. விலை படியவில்லையென்றால் எதிராளி விரலை உருவிக்கொள்வான். கை முஷ்டியாக மூடிக்கொண்டால், இந்தச் சரக்குக்குப் பேரமே இல்லை, எழுந்து போ என்று அர்த்தம். துண்டுக்குள் படிந்ததை வெளியே வந்து மாற்றிச் சொன்னவனுக்குச் சந்தையில் அப்புறம் குடிதண்ணீர்கூடக் கிடைக்காது. இதில் ஒரு சூட்சுமத்தை அப்பா சொல்லியிருந்தார்: வாய்க்குப் பொய் சொல்ல அம்மாவே கற்றுக்கொடுத்துவிடுகிறாள், கைக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. துண்டுக்கடியில் கை தனியாக இருக்கும். அதன் முதலாளிகூட அதைப் பார்க்க முடியாது.

சிகாமணி உள்ளங்கையை அழுத்திவிட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஆறு. சிக்கந்தரின் விரல் நழுவியது. ஐந்து. நழுவியது. மூன்று. இரண்டு. சிக்கந்தரின் முகம் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரே விரல். அந்தக் கை இறுக மூடிக்கொண்டது.

சிக்கந்தர் துண்டையே பார்த்தார். அதற்கடியில் யாரோ மூன்றாவது ஆள் கையை நீட்டிவிட்ட மாதிரி.

"நான் மூடலப்பா."

"உங்க கைதானுங்க பாய்."

"என்ற மனசுல ஆறு மாசம்னுதான் இருக்குது. அல்லா மேல சத்தியமா!"

"தெரியும். என் மனசுலயும் அப்பிடித்தான் இருக்குது."

சிக்கந்தரின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இருவரும் கையை எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் தன் கையை ஒருவர் பிடித்திருப்பது இதுதான் முதல்தடவை என்று சிகாமணிக்குத் தோன்றியது. அது நல்லதா கெட்டதா என்று மனசைக் கேட்காமல் அப்படியே விட்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் சிக்கந்தர். "உள்ள போயி உக்காந்தா என் வெளக்கு பச்சையாத்தான் எரியும். எனக்கே தெரியுது."

"நான் மனசோட பேரம் பேசாம நேராப் போயி வேண்டாம்னு சொல்லிர்றேன். ஒரு செவப்பு போதும். உசுரு தப்பிக்கும்."

அன்று சிகாமணி கண்ணாடி முன்னால் நிற்காமல் நேரே கூட்டத்துக்குப் போனார். ராக்கியண்ணனின் துண்டு மடியில் இருந்தது. வசுந்தரா தீர்மானத்தைப் படித்தார். ஒவ்வொரு விளக்காகப் பச்சை ஏறிக்கொண்டு வந்தது. சிக்கந்தருடையதும்.

"வேண்டாமுங்க," என்றார் சிகாமணி.

ஒன்பது வருஷத்தில் அந்தக் குரல் சொல்லாத சொல். அத்தனை தலைகளும் திரும்பின. திரும்பியவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தன. அவரும் குனிந்து பார்த்தார்.

பச்சை.

"சிகாமணி," என்றார் வசுந்தரா மெதுவாக, "உங்க வெளக்கு பச்சையா எரியுது."

"தெரியுதுங்க மேடம். ஆனா நான் வேண்டாமுங்கறேன்."

"வாய் ஆயிரஞ் சொல்லுமுங்க," என்றார் கதிரேசன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. எத்தனையோ வருஷம் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொள்கிற சுகம் அந்தக் குரலில் இருந்தது. "வெளக்கைத்தான் எடுத்துக்கோணும். யாரோ பெரியவங்க சொன்ன விதிங்க அது."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சிகாமணி கண்ணை மூடி, விளக்கைச் சிவப்பாக்கப் பார்த்தார். ராக்கியண்ணனை நினைத்தார். 'பழகிப்போச்சு என்றாரே, அனுபவசாலி' என்றது மனசு. கசிவை நினைத்தார். 'ஆறு மாதம்தானே' என்றது. செத்துப்போன இரண்டு பேரை நினைத்தார். 'அது அந்தக் காலம், இப்போது அலாரம் இருக்கிறது' என்றது. எதை உள்ளே அனுப்பினாலும் கடைக்காரன் அதைத் துடைத்து, நல்ல பக்கத்தைக் காட்டி, அவருக்கே விற்றான். ஒன்பது வருஷமாக ஒருநாளும் பூட்டாத கடை. பச்சை துளிகூட மங்கவில்லை.

தான் சொல்வதைக் கேட்க அந்த அறையில் ஒருவரும் இல்லை. தன்னையும் சேர்த்து ஒருவரும் இல்லை. சந்தை கலைந்த திடலில் கட்டுத்தறியோடு நிற்கிற மாடு மாதிரி இருந்தது அவருக்கு.

வசுந்தரா பேனா மூடியைத் திறந்தார்.

சிகாமணி எழுந்தார். துண்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி அவரிடம் போனார்.

"மேடம், சித்தெ இருங்க. உங்கப்பா மண்டியில துண்டு போட்டுத்தானுங்களே வெலை பேசுவாரு?"

வசுந்தரா நிமிர்ந்து பார்த்தார். "பேசுவாரு."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"லீவு நாள்ல என்னை உக்கார வெச்சு வெளையாட்டுக்குப் பேசுவாரு. கல்லு உப்புக்கு, புளிக்கு. நான்தான் ஜெயிப்பேன்." சொல்லிவிட்டு, எதற்காகச் சொன்னோம் என்பதுபோல நிறுத்தினார்.

"கையக் குடுங்க."

"நல்லா இருக்குதுங்க கூத்து!" என்றார் கதிரேசன். "முதலாளியம்மா கையப் புடிச்சு வெலை பேசறதா? எந்த ஊரு மேனேஜ்மென்டு இது?"

"கதிரேசன், உங்க கையை யாரும் கேக்கலை," என்ற வசுந்தரா, பேனாவை வைத்துவிட்டுத் துண்டுக்கடியில் கையை நீட்டினார். "எதுக்கு வெலை?"

"இந்த சீசனுக்கு. குழாயை மாத்தாம ஓட்டறதுக்கு. காசுல இல்லீங்க, ஆளு கணக்குல. மூணாவது கிடங்குல ஒரு ஷிப்டுக்கு ஒன்பது பேரு. எத்தனை பேரைக் குடுத்தாக் கட்டுபடியாகும்னு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

சிகாமணி உள்ளங்கையை அழுத்திவிட்டு நான்கு விரலைப் பிடித்தார். ஒன்பது. சுட்டதுபோல் கை துள்ளியது. சரி, அது ஆரம்ப விலை. யாரும் ஆரம்ப விலைக்குப் படிவதில்லை. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். விரல்கள் உருவிக்கொண்டன. மூன்று. உருவிக்கொண்டன. இரண்டைப் பிடித்தபோது அந்தக் கை சில்லிட்டது. அந்த விலையை, இரண்டு உயிரை, இந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒருதரம் கொடுத்திருக்கிறது. அவர் அழுத்தவில்லை, விட்டுவிட்டார்.

பிறகு சுண்டுவிரலை மட்டும் பிடித்தார். ஒன்று. ஒரே ஒரு ஆள்; பேர்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு சீசன் முழுக்க ஓட்டுவதற்கு இதைவிட மலிவாக எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

வசுந்தராவின் விளக்கு அழகான பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் அந்த விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துண்டுக்கடியில் சுண்டுவிரல் மெல்ல நழுவி, மற்ற விரல்களோடு போய்ச் சேர்ந்து மடங்கியது. முஷ்டி.

அது நடந்தது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருடைய சொல் அந்த அறையில் செல்லாது. மற்றவர், "படிந்தது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் கேட்க நாதியில்லை. சிகாமணி காத்திருந்தார். காத்திருப்பதுதானே அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த தண்டனை.

"படியலை," என்றார் வசுந்தரா.

"மேடம்?"

"பேரம் படியலை. மூணாவது கிடங்கை இப்பவே மூடுங்க. பாய், மொதல்ல ஆளுங்களை வெளிய கொண்டாங்க."

அவர் சொல்லி முடிக்கும்வரை சிக்கந்தர் நிற்கவில்லை. கதவு அடித்துக்கொண்டது. கதிரேசன் எழுந்துவிட்டார். "எல்லா வெளக்கும் பச்சைங்க மேடம்! உங்களுதும் பச்சைதானுங்க!"

"ஆமா, பச்சைதான்," என்றார் வசுந்தரா. ராக்கியண்ணனின் அழுக்குத் துண்டை எடுத்துத் தன் விளக்கின் மேல் போட்டு மூடினார்.

சாயங்காலம் குழாயைக் கழற்றும்போது ஸ்பேனர் பட்ட இடத்தில் அது அப்பளமாக நொறுங்கியது என்று சிக்கந்தர் வந்து சொன்னார். ஒன்பது பேரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கூலியோடு லீவு கிடைத்த சந்தோஷத்தில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். எதற்கு லீவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிகாமணி துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ராக்கியண்ணன், "வெச்சுக்குங்க, என்கிட்ட வேற இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

படியில் வசுந்தரா எதிர்ப்பட்டார். "இன்னிக்குக் கூட்டத்துல நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னுதான் பதிவாயிருக்குது சிகாமணி. மாத்த வழியில்லை."

"தெரியுமுங்க. விதி போட்டது நான்தானே."

வசுந்தரா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்கு இன்னும் மனசுக்குள்ள ஓட்டியிருக்கலாம்னுதான் இருக்குது. உங்களுக்கு?"

"எனக்கும் அப்பிடித்தானுங்க."

பிறகு அவர் மேலே போனார், இவர் கீழே இறங்கினார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார் சிகாமணி. சாதாரண விளக்கு, வெள்ளையாகத்தான் எரிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். என்ன வேண்டும் என்று தெரியவில்லை, மூடினார். சோபாவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. அதில் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கேஸ் சிலிண்டர் புக் பண்ணாததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருவர் பக்கமும் இருந்தது.

துண்டில் புளிவாசமும் வேர்வையும் அடித்தது. அதை மடியில் விரித்து, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் அதற்கடியில் வைத்தார். வலது கை தரகர். இடது கைதான் சரக்குக்குச் சொந்தக்காரன். நிம்மதியான வீடு, கேட்க ஆளில்லாத வீடு, இன்னும் எத்தனை வருஷம் இப்படியே?

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். உருவிக்கொண்டது. மூன்று. உருவிக்கொண்டது. ஒன்று. அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் "அட, உங்களுக்காகச் சொல்றனுங்க" என்றிருப்பார். இடது கை இறுக மூடிக்கொண்டது. நகம் உள்ளங்கையில் பதிந்தது. திறக்கச் சொல்லிப் பார்த்தார். திறக்கவில்லை.

வலது கையால் போனை எடுத்தார்.

"சொல்லுங்க," என்றாள் பிருந்தா.

"உன்கூட ஒரு சண்டை போடோணும்."

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது, அதுவும் நின்றது. "எதுக்குங்க?"

"நீ போனதுக்கு."

"போகட்டுங்களான்னு உங்களைக் கேட்டுட்டுத்தானே வந்தேன். சரின்னீங்க. நெசமாலுமே சரின்னீங்க. மூஞ்சியப் பாத்தேனே."

"நெசமாத்தான் சொன்னேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதுதான் தப்பு."

"குடிச்சுக்கிடிச்சு இருக்கறீங்களா?"

"இல்ல."

"சரி, போடுங்க. கேக்கறேன்."

சண்டையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உள்ளே பார்த்தார், கடைக்காரன் அவசரமாக அவளுடைய நல்ல பக்கத்தையெல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அங்கே பார்ப்பதை விட்டுவிட்டு, துண்டுக்கடியில் மூடிக்கிடந்த கையை மட்டும் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"எனக்கு வெண்டைக்காய் புடிக்காது, பிருந்தா."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

ஏதோ ஒரு பாத்திரம் ணங்கென்று மேடையில் இறங்கியது. "இதைச் சொல்றதுக்கு இத்தன வருசமாச்சுங்களா உங்களுக்கு?" என்றாள், குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "வாரம் மூணு நாளு நின்னு நின்னு வதக்குனேனே, அப்பவெல்லாம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

துண்டுக்கடியில் சுண்டுவிரல் மட்டும் மெல்லத் திறந்தது.